யோகநெறியும் தன்னையிகழ்தலும்

சரியை, கிரியை, யோகம், ஞானம் எனச் சிவாகமங்கள் வகுத்த நான்கு பாதங்களுள், மூன்றாவதாகிய யோகத்தைக் கைக்கொண்டு சின்னாட் பயின்று, பின்னர் ‘இஃது எம்மனோர்க்கு இயலாது’ எனக் கைவிட்டார் பலரை யாம் கண்டிருக்கின்றோம். அவருள் மடியால் விட்டார் சிலரே. தம்மைத் தாமே வெறுத்து விட்டாரே பலர். மனம் ஓரிடத்து நில்லாமை கண்டு நாணி, அந்நாணமே பயிற்சிக்குப் பகையாய் முடிய ஒழிந்தார் அவர். இங்ஙனம் தன்னையிகழ்தல் அடியார்க்குரிய பணிவாமோ, அன்றி மலத்தின் தொழிலாமோ என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

எம்மிடம் திருமந்திரம் பாடங்கேட்ட மாணாக்கர் ஒருவர், மூன்றாந் தந்திரத்துட் பிராணாயாமப் பகுதியைக் கேட்ட அளவிலே, பூரகம் 16, கும்பகம் 64, இரேசகம் 32 மாத்திரை என்னும் அளவைத் தாமே செய்து பார்க்கத் தலைப்பட்டார். எம்மை வினவினாரல்லர். அறுபத்துநான்கில் மூன்றிலொரு பங்கினைக் கடக்குமுன் மூச்சுத் தடுமாறிற்று; அத்தடுமாற்றத்தில் மனமும் சிதறிற்று. அவ்வளவு முற்றிய பயிற்சியாளர்க்குரிய எல்லையேயன்றித் தொடங்குவார்க்கு வைத்த தேர்வன்று என்பதும், அதனை ஆசிரியனின்றிச் செய்தல் உடற்குத் தீங்காம் என்பதும் அவர் கருதிற்றிலர். தம்மைத் தகுதியிலார் எனத் துணிந்து யோகத்தை விட்டார். அதுவேயாயின் பெரிதன்று. ‘அழுக்குற்ற நெஞ்சினேன் திருவைந்தெழுத்தை எவ்வாறு சொல்வேன்’ என்று நாடோறும் செய்துவந்த அனுட்டானத்தையும் உடன்விட்டார். இதனைக் கேட்டபொழுதே இவ்விகழ்ச்சி பணிவன்று என்று எமக்குத் தோன்றிற்று.

என்னை? செம்பிற்குக் களிம்புபோல ஆன்மாவிற்கு ஆணவம் அநாதியே உள்ளது என்பது சித்தாந்தத் துணிபு. களிம்பு செம்பினைப் பற்றியதேயன்றிச் செம்பின் இயல்பன்று. மனம் அலைதலும், அறிவு மழுங்கலும் மலமறைப்பான் நிகழ்வன. அவற்றைக் கண்டு ‘யானே இழிந்தவன்’ என்பான் களிம்பினையே செம்பென்று துணிகின்றான். அன்றியும், அம்மலம் பரிபாகமடைதல் இறைவனது திரோதான சத்தி காலங்கருதி இயற்றும் செயலாதலின், ‘இன்றே என் நெஞ்சு தெளிதல் வேண்டும், தெளியாதாயின் யான் பயனிலேன்’ என்பான், திருவருளுக்குத் தவணை குறித்தவனாகின்றான். ‘யான் வல்லேன்’ என்பதிலுள்ள யான் என்பதே ‘யான் புல்லேன்’ என்பதிலும் ஒளிந்திருத்தல் காண்க.

அற்றேல், நால்வர் முதலாய நம் ஆசாரியர் தம்மை நாயினும் கடைப்பட்டாராகப் பலகாற் கூறியது என்னையெனின், கூறுதும். அவர் தம் சிறுமையைக் கூறியது இறைவன் திருமுன்னர். அவன் பெருங்கருணையைக் காட்டுதற்பொருட்டு. சிறுமை கூறியபின் வாயடைத்து இருந்தாரல்லர். மேலும் மேலும் பாடினார். நம் மாணாக்கரோ தம்மையே நோக்கித் தம்மையே பழித்து வாளாவிருந்தார். சொல் ஒன்றாயினும் நோக்கு வேறு.

இன்னுமொன்று. சைவநூலார் யோகத்தைச் சகமார்க்கம், அஃதாவது தோழமை நெறி என்பர். அந்நெறிக்கு எடுத்துக்காட்டாக நின்றவர் தம்பிரான் தோழராகிய சுந்தரமூர்த்தி சுவாமிகள். அவர் வரலாற்றைப் பெரியபுராணத்துட் பயின்றார்க்கு இவ்வினாவின் விடை எளிதிற் புலப்படும். சங்கிலியார்க்குச் செய்த சூளுறவு தப்பித் திருவொற்றியூரெல்லையைக் கடந்தபொழுதே இருகண்ணும் இழந்தார். பிழை தம்மதே என்பதை அவர் மறுத்திலர். ஆயின், ‘பிழைசெய்தேன், இனி உன் முகத்து எவ்வாறு விழிப்பேன்’ என்று தோழனை விட்டு நீங்கினாரா? இல்லை. கண்ணின்றியே தலந்தோறும் சென்று பாடினார், வேண்டினார், உரிமையாற் சினந்தும் முறையிட்டார். காஞ்சியில் இடக்கண்ணும், திருவாரூரில் வலக்கண்ணும் பெற்றார். இரு கண்ணும் ஒருங்கே வந்திலாமையையும் நினைக்க. தோழமையாவது குறைநீங்கியபின் அணுகுதலன்று, குறையோடே அணுகுதல்.

இதனாற் சோம்பற்கு இடந்தந்தோமெனக் கருதற்க. ‘எல்லாம் மலத்தின் செயல், யான் என் செய்வேன்’ என்று காலைநீட்டி உறங்குவாரும் உளர், அவர்க்கு யாம் சொல்வதற்கு ஒன்றுமில்லை. பதஞ்சலியார் கொள்கையால் நம்மோடு வேறுபடுவரேனும், பயிற்சி பற்றி அவர் கூறியன கொள்ளத்தக்கன. நெடுங்காலம், இடையறாது, நன்மதிப்போடு செய்யப்படும் பயிற்சியே நிலைபெறும் என்றார். முன்னிரண்டனையும் எல்லாரும் சொல்வர், மூன்றாவதனை மறப்பர். தான் செய்யும் பயிற்சியை நாடோறும் பழித்துக்கொண்டே செய்பவன் அதனை எங்ஙனம் மதித்தவனாவான்? நோய், ஐயம், சோம்பல் முதலாக அவர் எண்ணிய இடையூறுகள் ஒன்பதனுள், நிலையை எய்தாமையும், எய்தியும் அதன்கண் நில்லாமையும் ஈற்றில் நிற்கின்றன. நூலுள் எண்ணப்பெற்ற இடையூறு எவர்க்கும் பொதுவன்றோ? தமக்கு மட்டும் வந்த இழுக்கென நாணுவது எற்றுக்கு?

2014-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை சூன் 21-ஆம் நாளை உலக யோக நாளாக அறிவித்தபின், யோகம் என்னும் சொல் ஊர்தோறும் வழங்குகின்றது. மகிழ்ச்சியே. எனினும் அட்டாங்கத்துள் ஆசனம் ஒன்றே யோகமென எண்ணி, பிறர் உடல் வளையுமாறு தம் உடல் வளையாமைக்கு வருந்துவார் பெருகினர்.

அவரைக் குறைகூற எமக்கு உரிமையில்லை. இருபத்தைந்தாம் வயதிற் பதுமாசனத்தில் நெடும்பொழுது இருப்பதைச் செருக்காகக் கொண்டிருந்தோம். உடன்பயின்றார் எழுந்தபின் எழுதலே எம் யோகமாயிருந்தது. அறுபதாம் ஆண்டில் முழங்கால் மடங்க மறுத்தது. விசுப்பலகையிற் காலைத் தொங்கவிட்டு இருத்தலை மாணாக்கர் காண்பரே என்று நாணி, ஏறத்தாழ இரண்டாண்டு இருத்தலையே ஒழித்தோம். திருமூலர் ஆசனங்களை எண்ணுமிடத்துச் சுகாசனத்தையும் எண்ணினார் என்று பிறர்க்குப் பலமுறை உரைத்த வாய், தனக்கு அதனை உரைத்திலது! ஆசனமாவது நிலைத்திருப்பதும் இன்பமாயிருப்பதும் என்னும் பதஞ்சலியார் இலக்கணமும் ஏட்டளவில் நின்றது. இப்பொழுது வைகறையில் அப்பலகையின்மேல் ஒரு நாழிகை இருக்கின்றோம். சிலநாள் நெஞ்சு சிறிது அடங்குகின்றது. பலநாள் வீட்டுக்கணக்கிலும், யாரோ சொன்ன சொல்லிலும் சுழல்கின்றது. மீட்டுக் கொணர்ந்து திருவைந்தெழுத்தில் வைக்கின்றோம், மீண்டும் ஓடுகின்றது.

அம்மாணாக்கர் சென்ற தைத்திங்களில் மீண்டும் வந்தார். எம் பலகையில் ஒருபுறம் இருக்கச்செய்து, கும்பகத்தை விடுத்து இயல்பாய மூச்சோடு நூற்றெட்டு உருச் செய்து எழுமாறு கூறினோம். நெஞ்சு நின்றதோவென யாம் வினவவில்லை, அவரும் கூறவில்லை. மறுநாளும் வந்தார்.