விலை கொடுத்து உண்ட உப்பு

புது வீட்டில் பால் காய்ச்சியாகிவிட்டது. சாமான் ஏற்றி வந்த வண்டியும் திரும்பிப் போய்விட்டது. அடுப்பு ஒரு மூலையில், அரிசிப்பானை இன்னொரு மூலையில். கரண்டிகள் எந்தச் சாக்கில் இருக்கின்றன என்று யாருக்கும் தெரியவில்லை. மணி ஒன்றாகிறது, பிள்ளைகள் பசி பசி என்கிறார்கள். குடும்பத் தலைவர் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்குகிறார். எதிரே வரும் முதல் மனிதரிடம் என்ன கேட்கிறார்? தபால் நிலையம் எங்கே என்றா? "ஐயா, இந்தப் பக்கம் நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும்?" என்றுதான் கேட்கிறார்.

வாசகரே, நம்மில் பலர் இப்படிக் காரைக்குடிக்குள் குடிவந்தவர்களே. பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டோ, வேலையை முன்னிட்டோ கிராமத்து வீட்டைப் பூட்டிவிட்டு, கல்லுக்கட்டிப் பக்கமும் செக்காலைப் பக்கமும் முத்துப்பட்டணத்திலும் வாடகைக்கு வந்தவர்கள். இவ்வூருக்கும் இது புதிதன்று. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் மனமுவந்து அளித்ததால் இங்கு அமைந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம், 1953 ஜனவரி 14-ல் திறக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1947-ல், அவர் கல்லூரியைத் தொடங்கியிருந்தார். அன்று முதல் ஆசிரியரும் மாணவரும் அலுவலருமாக எத்தனையோ பேர் வெளியூர்களிலிருந்து வந்து இறங்கியிருக்கிறார்கள். 2024-ல் மாநகராட்சியாகிவிட்ட இவ்வூரில் இன்றும் அந்த வரவு ஓயவில்லை. வந்தவர் அனைவரும் முதலில் கேட்ட கேள்வி அந்தக் கேள்விதான்.

'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்பது நம் முன்னோர் வாக்கு. விருந்தாகப் போய் உண்ட வீட்டுக்கு இது பொருந்தும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் விலை கொடுத்து உண்ட உப்புக்கும் இது பொருந்துமா? காசை வைத்துவிட்டு எழுந்தால் கணக்குத் தீர்ந்ததா, தீரவில்லையா? சிறிய கேள்விபோலத் தோன்றும். சற்று நின்று பார்த்தால் அவ்வளவு சிறியதன்று.

எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர் வேலை கிடைத்து இவ்வூருக்கு வந்தார். மாடியில் ஓர் அறை எடுத்துத் தங்கினார். முதல் இரண்டு வாரம் கண்ட இடத்தில் உண்டு வயிற்றைக் கெடுத்துக்கொண்டார். பிறகு ஒரு சந்துக்குள் ஒரு வீட்டு மெஸ் இருப்பதாக யாரோ சொன்னார்கள். பலகையும் கிடையாது, விளம்பரமும் கிடையாது. ஒரு விதவைத் தாய் முன்கட்டில் ஒரு பந்திக்கு ஆறு இலை போட்டுப் பரிமாறுவார். அரிசி களைந்த நீரில் வைத்த வெண்டைக்காய் மண்டி, இலையைச் சுற்றி ஓடும் மிளகு ரசம், சில நாள் கருவாட்டுக் குழம்பு. மாதப் பற்று எழுதி, முதல் தேதியில் வாங்கிக்கொள்வார். இளைஞர் அவரை அக்கா என்பார். அவர் தம்பி என்பார்.

ஒருமுறை இளைஞருக்குக் காய்ச்சல் கண்டது. நான்கு நாள் தூக்குவாளியில் கஞ்சியும் துவையலும் அறைக்கே வந்தன. மாதக் கடைசியில் பார்த்தால் அந்த நான்கு நாளும் கணக்கில் இல்லை. கேட்டதற்கு, "காய்ச்சக்காரனுக்கு ஊத்துன கஞ்சிக்குக் காசு வாங்குவாங்களா தம்பி?" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் உள்ளே போய்விட்டார்.

சில மாதங்கள் சென்றன. அலுவலகத்துக்கு அருகிலேயே புதிய உணவகம் ஒன்று திறந்தார்கள். குளிர்ச்சாதன அறை, மெத்தை தைத்த நாற்காலி. விலையும் சற்றுக் குறைவு. இளைஞர் முதல் தேதியன்று மெஸ்ஸுக்குப் போய், பற்றைக் காசு பாக்கியில்லாமல் தீர்த்தார். இரண்டாம் தேதியிலிருந்து போகவில்லை. அதன்பின் அந்தச் சந்து வழியாகவும் போகவில்லை. இரண்டு தெரு சுற்றி வேறு வழியாக நடந்தார். பல ஆண்டு கழித்து என்னிடம் இதைச் சொன்னபோது, "ஒரு பைசா கடன் கிடையாது. ஆனாலும் அந்த வாசலைத் தாண்டிப் போகக் கால் வரவில்லை" என்றார்.

கடனில்லாதவர் ஏன் ஒளிந்து நடக்க வேண்டும்? நம் கேள்வியின் முடிச்சு இதில்தான் இருக்கிறது.

முதலில் 'தீர்ந்தது' என்பாரின் பக்கத்தை நேர்மையாகப் பார்ப்போம். ஆடம் ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர், 1776-ல் வெளியிட்ட புகழ்பெற்ற பொருளாதார நூலில், இறைச்சி விற்பவரும் ரொட்டி சுடுபவரும் நம்மேல் இரக்கப்பட்டு உணவு தருவதில்லை, தம் நன்மையைக் கருதியே தருகிறார்கள் என்ற கருத்தை எழுதினார். அது பொய்யன்று. மெஸ் நடத்துபவரும் பிழைப்புக்காகவே நடத்துகிறார். அதைத் தருமம் என்று சொல்லி அவர் தலையில் மலர் சூட்டினால் அவர் வீட்டு வாடகை கட்டியதாகாது.

இன்னும் ஒன்றும் உண்டு. அது இதைவிடப் பெரியது. விலை என்பது ஒரு மரியாதை. இலவசச் சோற்றுக்கு நிற்பவன் தலைகுனிந்து நிற்க வேண்டியிருக்கிறது. நீ யார், எந்தத் தெரு, என்ன சாதி என்று கேட்பவருக்கு விடை சொல்ல வேண்டியிருக்கிறது. காசு கொடுத்து உண்பவனை அப்படிக் கேட்க ஒருவருக்கும் உரிமையில்லை. இந்த நிலை தானாக வந்துவிடவில்லை. தென்னிந்திய ரயில்வேயின் உணவு விடுதிகளில் சாதியார்க்கு ஏற்பத் தனித்தனி இடம் ஒதுக்கிய பலகைகள் போராட்டத்தின் பின் 1941-ல்தான் நீங்கின. 1950-ல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு, உணவு விடுதிக்குள் நுழைய எவரையும் சாதி, மதம் காட்டித் தடுக்கலாகாது என்கிறது. அப்படியிருந்தும் இரட்டைக் குவளை வைத்த தேநீர்க் கடைகள் அதற்குப் பின்னும் பல ஊர்களில் இருந்ததை நாம் அறிவோம். ஆகவே, ஓர் ஏழைத் தொழிலாளி தன் காசை மேசைமேல் வைத்துவிட்டு, யாருக்கும் கும்பிடு போடாமல் நிமிர்ந்து நடந்து போவது நல்லதொரு காட்சி. 'கணக்குத் தீர்ந்தது' என்று அவன் சொன்னால் அந்தச் சொல்லில் ஒரு விடுதலை இருக்கிறது. அதை நாம் பறிக்கலாகாது.

இப்போது மறுபக்கம். விற்பவர் என்ன நினைக்கிறார்? அவரும் காசு வாங்கியதோடு கணக்குத் தீர்ந்தது என்றுதான் நினைக்கிறாரா?

இதற்கு நம் ஊரிலேயே ஒரு சாட்சி உண்டு. தமிழ்நாடெங்கும் காணும் 'முனியாண்டி விலாஸ்' உணவகங்களை அறியாதவர் யார்? அவற்றில் முதலாவது 1930-களில் காரைக்குடியில் திறக்கப்பட்டது. திறந்தவர் மதுரை மாவட்டம் கள்ளிக்குடிக்கு அருகிலுள்ள வடக்கம்பட்டியிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஒருவர். அவரும் உம்மைப்போல் இவ்வூருக்குக் குடிவந்தவர்தாம். தம் ஊர்த் தெய்வத்தின் பெயரைக் கடைக்கு வைத்தார். அவரைப் பார்த்து உறவினரும் ஊராரும் ஒவ்வோர் ஊராகக் கடை திறந்தனர். அவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு: அன்றன்று முதல் விற்பனையில் வரும் காசைத் தனியே எடுத்து வைப்பது. ஆண்டுக்கொருமுறை எல்லாரும் வடக்கம்பட்டியில் கூடி, பெரிய அண்டாக்களில் பிரியாணி சமைத்து, வந்தவர் இன்னார் என்று பாராமல் விடியற்காலையிலேயே வழங்குகிறார்கள்.

இதன் பொருளைக் கவனியுங்கள். முதல் சாப்பாட்டுக்காரர் தந்த காசு நியாயமாக வந்த காசு. கடைக்காரர் உழைப்புக்குக் கிடைத்த கூலி. ஆனாலும், 'இது முழுவதும் எனக்குரியதன்று' என்று அவர் நினைக்கிறார். அது மறுபடியும் சோறாகி, முன்பின் தெரியாத ஒருவரின் இலைக்குப் போக வேண்டும் என்று நினைக்கிறார். விற்றவரே கணக்கை மூடாமல் ஒரு வரியைத் திறந்து வைத்திருக்கும்போது, உண்டவர் மட்டும் ஏட்டை மூடிவிடலாமா?

செட்டிநாட்டு வீடுகளுக்கும் இது தெரிந்த செய்தியே. இந்த மாளிகைகளைக் கட்டியவர்கள் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் ஆண்டுக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து வாழ்ந்தவர்கள். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் 'கிட்டங்கி' எனப்பட்ட நீண்ட கூடங்களில் ஒரே கூரையின்கீழ்த் தங்கி, சமையற்காரர் ஆக்கிப்போட்டதை உண்டவர்கள். அந்தச் சமையற்காரருக்குச் சம்பளம் உண்டு. எனினும் கடல் கடந்த ஊரில், வீட்டுக் கைமணத்தை நினைவூட்டும் ஒரு குழம்புக்குச் சம்பளம் மட்டும் ஈடாகுமா?

ஆகவே எனக்குத் தோன்றுவது இது. விலை சோற்றுக்கு ஈடாகும், அக்கறைக்கு ஈடாகாது. அரிசி, விறகு, உழைப்பு இவற்றுக்கெல்லாம் விலையுண்டு, கொடுத்துவிட்டால் தீர்ந்தது, அதற்காக எவரும் எவருக்கும் அடிமையில்லை. ஆனால் 'இந்தப் பிள்ளைக்குக் காரம் ஆகாது' என்று நினைவு வைத்து ஒரு கரண்டி குறைத்து ஊற்றும் கைக்கு விலைப்பட்டியல் கிடையாது. காய்ச்சல்காரனுக்கு ஊற்றிய கஞ்சியைப் பற்றிலே எழுதாதவருக்கு நாம் பட்டிருப்பது பணக் கடனன்று. அதைப் பணத்தால் தீர்க்கவும் முடியாது. நினைவாலும் சொல்லாலும்தான் தீர்க்க முடியும்.

அப்படியானால் நாள்தோறும் நாம் செய்ய வேண்டியதென்ன? பெரிய காரியம் ஒன்றுமில்லை.

முதலாவது, சொல்லிவிட்டுப் போவது. மெஸ்ஸில் தலையை எண்ணித்தான் உலை வைக்கிறார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு வரவில்லையென்றால் நடுப்பகலிலேயே சொல்லுங்கள். வேறு கடைக்கு மாறுவது உங்கள் உரிமை. சுவையில்லாத சோற்றை நன்றிக்காக விழுங்க வேண்டியதில்லை. ஆனால் மாறும்போது, "நாளையிலிருந்து வரமாட்டேன் அக்கா, அலுவலகம் பக்கத்தில் சாப்பிட்டுக்கொள்கிறேன்" என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? குறையிருந்தால் நாலு பேர் கேட்கச் சத்தம் போடாமல், தனியே அழைத்துச் சொல்லுங்கள். அதுவும் ஓர் உதவியே.

இரண்டாவது, முகம் பார்ப்பது. உண்ணுமுன் சிலுவை வரைந்து நன்றி சொல்ல நம் பிள்ளைகளுக்குக் கற்றுத் தருகிறோம். நல்லது. ஆனால் அந்தப் பிள்ளைகளே ஓட்டலில் தண்ணீர் வைப்பவரை 'ஏய்' என்று கூப்பிட்டால், வானத்தை நோக்கிச் சொன்ன நன்றி மேசைவரை இறங்கி வரவில்லை என்றுதானே பொருள்? தம்பி, அண்ணே, அக்கா என்று கூப்பிட நமக்குச் செலவில்லை.

மூன்றாவது, பிறர் தலையில் விழும் மலிவைத் தேடாதிருப்பது. 14 வயதுக்குட்பட்ட சிறுவரை உணவகத்தில் வேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் 10 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டிருக்கிறது. உங்கள் மகன் வயதுடைய ஒரு பிள்ளை எச்சில் இலை எடுக்கும் கடையில் சாப்பாடு பத்து ரூபாய் குறைவென்றால், அந்தப் பத்து ரூபாயை யார் கொடுக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். அவ்வாறே, பற்று வைத்துவிட்டுத் தெரு மாறி நடப்பதும் அந்த வீட்டு அடுப்பிலிருந்து திருடுவதுதான்.

இனி, புதிதாகக் குடிவந்தவர் கேட்ட கேள்விக்கு வருவோம். நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும்? பலகையைப் பார்த்துப் போகாதீர்கள். சுமை தூக்குவோரும் பேருந்து ஓட்டுநரும் எங்கே உட்காருகிறார்கள் என்று பாருங்கள். உழைத்த பசிக்கு ஏமாற்றுச் சோறு செல்லாது. குடிக்க வைக்கும் தண்ணீரையும் கை கழுவும் இடத்தையும் பாருங்கள். இரண்டு மணிக்கே 'தீர்ந்துபோச்சு' என்று சொல்லும் கடையை நம்புங்கள். அங்கே நேற்றைய குழம்பு இன்றைக்கு வராது. எல்லாவற்றுக்கும் மேலாக, முதலாளி தம்மிடம் வேலை செய்பவரோடு எப்படிப் பேசுகிறார் என்று காது கொடுத்துக் கேளுங்கள். கூட இருப்பவரை மதிப்பவர் உங்கள் வயிற்றையும் மதிப்பார். இப்படி நல்ல கடையைத் தேடும் நாம், நல்ல சாப்பாட்டுக்காரராகவும் இருக்க வேண்டாமா?

அந்த இளைஞரின் கதையை முடிக்காமல் விட்டேன். ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, அலுவலக நண்பர் ஒருவர் அவரிடம் ஒரு செய்தி சொன்னார். அந்த அம்மாள் மூன்று நாள் வரை அவருக்கும் சேர்த்து உலை வைத்து, அவர் உட்காரும் இடத்தில் இலையைப் போட்டு வைத்திருந்தாராம். அன்று மாலையே இளைஞர் அந்தச் சந்துக்குள் போனார். கோபித்துக்கொள்வார், முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று எதிர்பார்த்துப் போனார். அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, மறுபடி உடம்புக்கு முடியலையா?" என்று மட்டும் கேட்டாராம்.

இந்த வாரம், நீங்கள் இவ்வூருக்கு வந்த புதிதில் உங்களுக்குச் சோறிட்ட கடை எது என்று நினைத்துப் பாருங்கள். அது இன்னும் இருக்குமானால், ஒரு வேளை குடும்பத்தோடு போய் உண்டு வாருங்கள். காசு கொடுத்துத்தான் உண்ணுங்கள். கொடுத்துவிட்டு, அந்த நாட்களை மறக்கவில்லை என்று ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டு வாருங்கள்.