மாலை அணிந்தவரின் உறுதி யாருடையது?

சபரிமலைக்குச் செல்வோர் கார்த்திகை முதல் நாளில் மாலை அணிந்து 41 நாள் காக்கும் மண்டல விரதம், உணவுக் கட்டுப்பாட்டையும் உடல் உழைப்பையும் ஒருங்கே கோருகிறது. இறைச்சியும் மதுவும் புகையிலையும் விலக்கப்பட, அதிகாலைக் குளியலும் தரையில் படுக்கையும் செருப்பில்லாத நடையும் இறுதியில் பம்பையிலிருந்து மலையேற்றமும் மேற்கொள்ளப்படுகின்றன. மற்ற மாதங்களில் ஒரு வாரம்கூடக் குடியை நிறுத்த இயலாதவர், சென்னைப் புறநகர்களான முடிச்சூரிலும் தாம்பரத்திலும் பிற ஊர்களிலும், மாலை கழுத்தில் இருக்கும்வரை அதைத் தொடுவதில்லை. அவ்வாறாயின் அந்த உறுதி அவருடையதா, அவரைச் சூழ்ந்தவர்களுடையதா என்பது அறவியலும் சமயமும் சேர்ந்து விடை காண வேண்டிய வினா.

நல்லது இன்னதென அறிந்தும் அதைச் செய்யத் தவறும் மனத்திட்பமின்மையை அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலின் ஏழாம் பகுதியில் விரிவாக ஆராய்ந்தார். இக்குறையைத் தனி மனிதரின் அகத்துக்குள்ளேயே தீர்த்துவிட முடியும் என்னும் நம்பிக்கையைத் தமிழ் மரபு முழுமையாக ஏற்றதில்லை. சிற்றினம் சேராமை என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் மனத்தின் தூய்மையும் செயலின் தூய்மையும் சேர்ந்த இனத்தைப் பொறுத்தவை என்கிறார். இதனினும் ஆழமானது சைவ சித்தாந்தத்தின் நிலைப்பாடு. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் நூற்பா, மலம் எனப்படும் அறியாமைக் கட்டிலிருந்து விடுபட்ட ஞானியும் அடியார் கூட்டத்தோடு கலந்திருக்க வேண்டும் என விதிக்கிறது. ஏனெனில் பழைய பழக்கத்தின் வாசனை மீண்டும் தாக்கக்கூடும். முத்தி பெற்றவருக்கே துணை வேண்டுமெனில், துணையை நாடுவதைப் பலவீனத்தின் அடையாளமாகக் கருதுவதற்கு இடமேயில்லை.

அத்துணை எவ்வாறு செயல்படுகிறது என்பதை மண்டல விரதம் தெளிவாகக் காட்டுகிறது. கறுப்போ நீலமோ காவியோ உடுத்தியவரை வயதும் சாதியும் பதவியும் பாராமல் அனைவரும் ‘சாமி’ என விளிக்கின்றனர். டீக்கடைக்காரரும் பேருந்து நடத்துநரும் அவ்வாறே அழைக்கும்போது, ஒருவர் மனத்துக்குள் செய்துகொண்ட தீர்மானம் ஊரறிந்த வாக்காகிவிடுகிறது. நேற்றுவரை குடிக்க அழைத்த நண்பரே இன்று அழைப்பதில்லை. பலமுறை மலையேறிய குருசாமி, முதன்முறை செல்லும் கன்னிசாமிக்கு மாலையிட்டு, இருமுடி என்னும் காணிக்கைப் பொதியைக் கட்டி, வழியும் காட்டுகிறார். இது கண்காணிப்பிலிருந்து வேறுபட்டது. கண்காணிப்பவர் தாம் பசித்திருக்க வேண்டியதில்லை, குருசாமியோ தாமும் அதே நோன்பில் இருக்கிறார்.

பழக்கம் உறவுகளின் வழியே பரவுவதை அறிவியலும் ஆராய்ந்துள்ளது. அமெரிக்காவின் ஃபிரேமிங்காமில் 12,067 பேரின் 32 ஆண்டுத் தரவுகளை ஆய்ந்து 2007இல் வெளியான கட்டுரை, நண்பர் உடற்பருமன் அடைந்தால் ஒருவர் அதை அடையும் வாய்ப்பு 57 விழுக்காடு உயர்வதாகக் கூறியது. ஒத்த பழக்கமுடையவர்களே நண்பர்களாகின்றனர் என்னும் மறுப்பும் எழுந்தது, அதற்கும் இடமுண்டு.

மாலையைக் கழற்றியதும் பலர் மீண்டும் குடிக்கின்றனரே என்பது, உறுதி சூழ்ந்தவர்களின் துணையால் நிலைக்கிறது என்னும் வாதத்துக்கு எதிரான வலுவான கேள்வி. அதனால் நாற்பத்தொரு நாள் நோன்பு பொய்யாகிவிடாது. கூட்டம் கலைந்தபின் தனித்து நிற்கும் வலிமை அந்நாட்களுக்குள் வளரவில்லை என்றே கொள்ளத்தகும். 1935இல் அமெரிக்காவில் தோன்றிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் குடிமீள்வோர் அமைப்பு இதை உணர்ந்தே, தன் கூட்டங்களுக்கு முடிவு நாள் எதையும் வைக்கவில்லை.

உறுதி யாருடையது என்னும் வினாவில் பெரும்பாலும் பேசப்படாதவர்கள் வீட்டுப் பெண்கள். சபரிமலை மரபு 10 முதல் 50 வயதுவரையுள்ள பெண்களை விலக்குகிறது. ஆயினும் கணவரோ மகனோ மாலையணிந்த வீட்டில், விடியுமுன் குளித்துச் சமைத்து, தாமும் இறைச்சியை விலக்கி அந்நோன்பைத் தாங்குவோர் அவர்களே. இதற்கு மாறாக, தாம்பரத்துக்குத் தெற்கே உள்ள மேல்மருவத்தூர் ஆதிபராசக்தி கோயில், மாதவிலக்கு நாட்களிலும் பெண்களைத் தடுக்காமல், செவ்வாடை உடுத்தி இருமுடி ஏந்தும் உரிமையை அவர்களுக்கே தந்தது. அங்கே தாங்குபவரும் நோற்பவரும் ஒருவரே.