சீராளனின் சிரிப்பு

பெரியபுராணத்தை முதலில் சிறுவர்களுக்கான உரைநடையில்தான் படித்தேன். அதில் சிறுத்தொண்டர் கதைமேல் எனக்குத் தனிப் பிரியம். பைரவர் வேடத்தில் வந்த சிவன், ஐந்து வயது ஒற்றைப் பிள்ளையைக் கறியாகக் கேட்கிறார். அறுத்துச் சமைக்கிறார்கள். பிறகு வாசலில் நின்று பெயர் சொல்லி அழைத்ததும், பள்ளிக்கூடம் விட்டு வருகிறவன்போலச் சீராளன் ஓடி வருகிறான். அந்த ஓட்டத்துக்காகவே திரும்பத் திரும்பப் படிப்பேன்.

கறுப்புச்சட்டைக்காரரான பெரியப்பாவுக்கு அந்தப் புத்தகத்தைக் கண்டாலே ஆகாது. "பெத்த பிள்ளையை அறுத்தவன் நாயனாராம்ல!" என்பார். "அதான் வந்துட்டானேப்பா" என்பார் தாத்தா. கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் எரிக்க வேண்டுமென்று 1943இல் அண்ணா, ரா.பி. சேதுப்பிள்ளையோடும் சோமசுந்தர பாரதியாரோடும் மேடையேறி வாதிட்டார். அந்த வாதம் எங்கள் திண்ணையில் ஓய்ந்ததே இல்லை.

என் மகனுக்கு ஐந்து வயதானபோது சேக்கிழாரின் பாட்டையே எடுத்துப் படித்தேன். சிறுவர் புத்தகம் விட்டுவிட்ட ஒன்று அங்கே இருந்தது. பைரவர் பிள்ளையை மட்டும் கேட்கவில்லை. தாய் பிடிக்க, தந்தை அரிய, இருவரும் மனம் உவந்து செய்ய வேண்டும் என்கிறார். தாய் அந்தச் சதங்கைக் கால்களை மடியோடு இடுக்கிக்கொள்கிறாள். பெற்றவர்கள் ஏதோ பெரும் மகிழ்ச்சியில் இருக்கிறார்கள் என்று நினைத்துப் பிள்ளையும் சிரிக்கிறான். அப்போதுதான் தந்தை அரிகிறார்.

பைபிளில் ஆபிரகாம் பலியிடக் கொண்டுபோன மகன் ஈசாக்குக்காவது கேட்க வாய்த்தது: பலிக்கான ஆட்டுக்குட்டி எங்கே? அங்கே தேவதூதனும் கத்தியைத் தடுத்தான். தத்துவஞானி கீர்க்கெகார் 1843இல் 'அச்சமும் நடுக்கமும்' நூலில் அந்தக் கதையைப் பலவாறு சொல்லிப் பார்க்கிறார். ஒன்றில் ஆபிரகாம் தன்னையே கொடியவனாகக் காட்டிக்கொள்கிறான், மகன் தகப்பனை வெறுத்தாலும் கடவுளை வெறுத்துவிடக் கூடாதென்று. சீராளனுக்கு அந்தச் சலுகைகூட இல்லை. நம்பியபடியே சாகிறான்.

அறுத்தது பிள்ளையை அல்ல, பாசத்தைத்தான் என்று உபன்யாசங்களில் சொல்லித் தப்பித்துக்கொள்கிறார்கள். பாசத்துக்கு எதற்கு ஒரு சிரிப்பு? பெரியப்பா சொன்னபடி எரித்திருந்தாலோ, அந்தக் கடவுளுக்கு எதிரான ஆக வலுவான சாட்சியும் சேர்ந்து எரிந்திருக்கும். சேக்கிழார் பக்தர், சிவன்மேல் வழக்குப் போட எழுதியவரல்லர். ஆனாலும் அவர் அதை மறைக்கவில்லை. சிறுவர் புத்தகம்தான் மறைத்தது.

சிறுத்தொண்டரின் ஊரான திருச்செங்காட்டங்குடியில் சித்திரைப் பரணியன்று அமுது படையல். பிள்ளைவரம் கேட்டு வருகிறவர்கள் பிரசாதம் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். அவர்களைக் கேலி பேச எனக்கு வாய் வராது. ஓடி வரும் பிள்ளைதான் அவர்களுக்கும் வேண்டும்.

தாத்தாவின் பதில் மட்டும் எனக்கு இப்போது போதவில்லை. வந்தவன் என்ன ஆனான்? தாய், தந்தை, வீட்டுத் தாதி, பிள்ளை நால்வரையும் சிவன் அப்போதே தன்னோடு அழைத்துக்கொண்டுவிடுகிறார். கதைக்கு மறுநாள் கிடையாது. இருந்திருந்தால், அம்மா மடிக்குக் கூப்பிடும்போது சீராளன் போவானா?