இருவர் நடையும் மூன்றாம் உயிரும்

இல்லறத்தில் நிற்போர்க்கு எழும் ஐயங்களுள் சில, சிறியவை போலத் தோன்றினும் ஆழம் உடையவை. ஓய்வு நாளில் மனைவியையோ மகனையோ மகளையோ உடனழைத்துக் கொண்டு கடற்கரையிலும் குன்றிலும் காட்டோரத்திலும் உலவி வருதல். எஞ்சிய பொழுதில் உளியும் இழைப்புளியும் எடுத்து, ஒரு மணையையோ ஒரு நூல்தாங்கியையோ தன் கையாலேயே செய்து அவர்க்கு அளித்தல். இவ்விரண்டும் அறத்தோடு பொருந்தும் இன்பங்களா, அன்றிப் பற்றினை வளர்த்து வினையைப் பெருக்கும் செயல்களா என்பது அத்தகைய ஐயங்களுள் ஒன்று. "யாருக்கும் தீங்கில்லாத பொழுதுபோக்குத்தானே?" என்று இதனை எளிதில் கடந்து செல்வோர் பலர். ஆனால், யாருக்கும் தீங்கில்லை என்று முடிவு கூறுமுன், 'யார்' என்னும் அச்சொல்லுக்குள் எவ்வெவ்வுயிர்களை அடக்கினோம் என்று எண்ணிப் பார்ப்பது நம் கடமையாகும்.

தடை கூறுவோரின் வாதம் வலிமை குன்றியதன்று. காஞ்சியோடு தொடர்புடையவர் என மரபு போற்றும் சமந்தபத்திர ஆசாரியர், இல்லறத்தார்க்கென இரத்தின கரண்டக சிராவகாசாரத்தை இயற்றினார். அந்நெறியையே தமிழில் அருங்கலச் செப்பு எடுத்துரைக்கிறது. பயனில்லாத் தீச்செயல்களை விலக்கும் விரதம் அங்கே வகுக்கப்பட்டுள்ளது. வீணே மண்ணைக் கிளறுதல், நீரைச் சிதறுதல், செடி கொடிகளைக் கிள்ளுதல் ஆகியவற்றோடு, பயனின்றித் தான் திரிதலும் பிறரைத் திரியச் செய்தலும் குற்றமாகவே எண்ணப்படுகின்றன. உலா என்று நாம் பெயரிட்டு அழைப்பது இத்திரிதல்தானே என்பது முதல் தடை.

இரண்டாவது தடை மரத்தைப் பற்றியது. மரம் ஓரறிவுயிர். இல்லறத்தார் விலக்கத்தக்க தொழில்கள் பதினைந்து எனத் தொகுத்த முன்னோர், காடு வெட்டுதலையும் வண்டி செய்து விற்றலையும் தந்த வாணிகத்தையும் அரக்கு வாணிகத்தையும் அவற்றுள் வைத்தனர். தொழிலாகச் செய்வோர்க்கே விலக்கு என்றால், பொழுதுபோக்காகச் செய்வோர்க்கு என்ன தேவை இருக்கிறது என்று கேட்கலாம். மூன்றாவது தடை எல்லாவற்றினும் நுட்பமானது. நடையும் கைவினையும் அன்புடையார் இருவரை மேலும் இறுகப் பிணைக்கின்றன. பிணைப்பு இறுக இறுகப் பிரிவின் துன்பமும் பெருகும். கட்டுகளை அறுக்க வேண்டிய உயிர், புதிய கட்டுகளைத் தானே செய்து கொள்ளலாமா?

இத்தடைகளைத் தட்டிக் கழிக்க இயலாது. எனினும், இவற்றுக்கான விடை நம் நெறியின் உள்ளேயே இருக்கிறது. துறவியர்க்குரிய ஐந்து சமிதிகளுள் முதலாவது ஈரியா சமிதி. நான்கு முழத் தொலைவு முன்னே பார்த்து, உயிர்களை மிதியாது நடத்தல் அது. மற்றொன்று ஆதான நிக்ஷேபண சமிதி. ஒரு பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும், அதன் அடியிலும் மேலும் உயிர் உண்டோ என்று நோக்கி எடுத்து வைத்தல் அது. ஒன்று காலுக்கான அறம். மற்றொன்று கைக்கான அறம். இல்லறத்தார் இவற்றைத் துறவியர் போல முழுமையாகக் கடைப்பிடித்தல் அரிது. ஆயினும், பழகிப் பார்ப்பதற்கு இடம் வேண்டுமல்லவா? நடை காலுக்கும், மரவேலை கைக்கும் அத்தகைய பயிற்சிக் களங்களாகக் கூடும். அவ்வாறு ஆகும்போது 'பயனில்லாத் திரிதல்' என்னும் குற்றம் அவற்றைச் சாராது.

திருப்போரூர் வட்டாரத்தை எடுத்துக் கொள்வோம். ஊருக்குக் கிழக்கே உப்பளமும் கழியும் பக்கிங்காம் கால்வாயும், அவற்றுக்கு அப்பால் வங்கக் கடலும் உள்ளன. மேற்கே ஏரிகளும் புதர்க்காடு படர்ந்த மேடுகளும் உள்ளன. ஊரிலேயே பிரணவமலை நிற்கிறது. தெற்கே மாமல்லபுரம். ஒரே நாளில் கடலையும் கழியையும் குன்றையும் நடந்தே காணத்தக்க இத்தகைய நிலப்பகுதிகள் தமிழகத்தில் மிகப் பலவல்ல. இங்கே நடப்போர்க்கு ஈரியா சமிதியைப் போதிக்கும் ஆசிரியராக ஓர் உயிர் ஆண்டுதோறும் கரையேறி வருகிறது. அதுவே பங்குனி ஆமை.

தை முதல் பங்குனி வரையிலான இரவுகளில் இவ்வாமைகள் இக்கடற்கரை மணலில் குழி பறித்து, ஒரு முறைக்கு ஏறத்தாழ நூறு முட்டைகள் இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்புகின்றன. ஒன்றரை மாத அளவில் குஞ்சுகள் வெளிப்படும். கடற்பரப்பின் மெல்லொளியை நோக்கிச் செல்வது அவற்றின் இயல்பு. கரையில் எரியும் விளக்குகள் அவற்றைத் திசை மயக்கி, நிலத்தின் பக்கம் இழுத்துக் கொன்றுவிடுகின்றன. சென்னையில் 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் இரவு நடை நடந்து, முட்டைகளைக் காத்து, குஞ்சுகளைக் கடலில் சேர்த்து வருகின்றனர். 2025 சனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கிய செய்தி பலரையும் வருத்தியது. இப்பருவத்தில் இரவில் தம் மகளோடு கரையில் நடக்கும் தந்தை செய்யத் தக்கது என்ன? கைவிளக்கை அணைத்தல், மெல்ல நடத்தல், ஆமை கண்ணில் பட்டால் விலகி அமைதியாய் நிற்றல். அந்த இருளில் மகள் கற்பது, தன் மகிழ்ச்சிக்காக உலகம் வெளிச்சமிட்டுக் காட்டப்பட வேண்டியதில்லை என்பதை. இதனைப் பள்ளிப் பாடத்தில் கற்பிப்பது கடினம்.

இவ்வட்டார மக்கள் இவ்வறத்துக்குப் புதியவரல்லர். வேடந்தாங்கல் ஏரிக்கு வரும் பறவைகளை வெள்ளையர் படையினர் சுட்டபோது அவ்வூரார் முறையிட்டு, 1798-ல் செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேசிடம் பறவைகளைக் காக்கும் உரிமை ஆணை பெற்றனர். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரமாயிற்று என்பதும் அதற்கு ஒரு காரணமே. அதனால் அவ்வறம் சிறுத்துவிடவில்லை. உயிர்கள் ஒன்றுக்கொன்று துணையாவதே அவற்றின் இயல்பு என்று உமாசுவாதி ஆசாரியர் உணர்த்தியதற்கு அவ்வேரி ஒரு சான்று.

நடைக்குக் காலமும் உண்டு. மழைக்காலத்தில் வழியெங்கும் சிற்றுயிர் மல்குவதால் துறவியர் ஓரிடத்தில் தங்கிச் சாதுர்மாசியம் காக்கின்றனர். நம் கரையிலோ பெருமழை ஐப்பசி, கார்த்திகை மாதங்களில்தான் பெய்கிறது. ஆதலால் சாதுர்மாசியம் முடிந்த பின்னும் இங்கே புல்வெளிகளில் உலவாதிருத்தல் நன்று. நடைக்கு ஒரு குறிக்கோளும் இருத்தல் நன்று. மதுராந்தகம் வட்டாரத்து அனந்தமங்கலத்தில் பாறையில் செதுக்கிய சமண உருவங்கள் உள்ளன. முதலாம் பராந்தக சோழனின் 38-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அங்கிருந்த சினகிரிப் பள்ளிக்கு அளித்த உணவுக் கொடையைக் கூறுகிறது. அது கி.பி. 945-ஐ ஒட்டிய காலம். குழந்தைகளை அப்பாறையடிக்கு அழைத்துச் செல்லும் நடை, திரிதல் என்னும் சொல்லுக்குள் அடங்குமா?

இனி மரவேலைக்கு வருவோம். இங்கே முதற்கேள்வி, மரம் எங்கிருந்து வந்தது என்பது. 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாமல்லபுரத்தின் அருகே கரை கடந்த மாண்டஸ் புயல் போன்றவை, வேம்பையும் பூவரசையும் வேரோடு சாய்த்துச் செல்கின்றன. பழைய வீடுகளை இடிக்கும்போது கதவு நிலைகளும் உத்தரங்களும் விலைக்கு வருகின்றன. நம் பொருட்டு ஒரு மரமும் வெட்டப்படாமலேயே ஒரு வீட்டுக்கு வேண்டிய மரப்பொருளெல்லாம் இவற்றிலிருந்து கிடைக்கும். எனினும், வீழ்ந்த மரம் வெற்று மரமன்று. அதன் பட்டைக்குள் மூவறிவுடைய எறும்பும் நாலறிவுடைய வண்டும் குடியிருக்கும். நன்கு உலர்ந்து, உயிர்கள் தாமாக அகன்ற பின்னரே வாளை வைத்தல் வேண்டும். காத்திருத்தல் மரவேலையின் முதற்படி. பச்சை மரம் பின்னர் முறுக்கிக் கொள்ளும் என்பதனால் தச்சரும் இதனையே கூறுவர். இங்கே தொழிலறிவும் அறமும் ஒரே திசையில் நிற்கின்றன.

இரண்டாம் கேள்வி, எதனால் ஒட்டுகிறோம், எதனால் மெருகிடுகிறோம் என்பது. தச்சர் பழங்காலம் முதல் பயன்படுத்திய வச்சிரம், விலங்குகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. மரத்துக்குப் பளபளப்பூட்டும் அரக்கு மெருகு, அரக்குப் பூச்சி சுரப்பது. அதனைத் திரட்டுகையில் எண்ணற்ற பூச்சிகள் மடிகின்றன. அரக்கு வாணிகத்தை முன்னோர் விலக்கிய காரணம் இங்கே விளங்கும். இவற்றுக்கு மாற்று உண்டு. துளையும் நாக்குமாகச் செதுக்கி, மூங்கில் ஆணி அறைந்து பொருத்தினால் பசையே தேவையில்லை. ஆளி விதை எண்ணெய் தேய்த்து உலர்த்தினால் அரக்கு வேண்டியதில்லை. செல் அரியாதிருக்க நஞ்சு பூசுவதினும், செல் எளிதில் நாடாத வைரம் பாய்ந்த தேக்கையோ வேம்பையோ தேர்ந்து கொள்ளுதல் மேல். பின்னர் நேரக்கூடிய கொலையை முன்னரே தவிர்த்த பயன் அதனால் உண்டாகிறது. அழகிய மணையொன்றைப் பரிசாகப் பெறும் மனைவி, அதன் பளபளப்புக்குள் எத்தனை உயிர்கள் மடிந்தன என்று கேட்கவும், 'ஒன்றுமில்லை' என்று கணவர் விடை கூறவும் இயலுமானால், அப்பரிசுக்கு ஈடு ஏது?

மரத்தைச் சக உயிராகக் கருதிய ஒரு கைவினைஞரின் வாழ்வு நம் கரையோடு தொடர்புடையது. 1905-ல் அமெரிக்காவில் பிறந்த ஜப்பானிய மரபினர் ஜார்ஜ் நகாஷிமா, 1930-களின் பிற்பகுதியில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதிக் கட்டடப் பணியில் ஈடுபட்டு, ஆசிரம வாழ்வையும் மேற்கொண்டிருந்தார். 1942-ல் அமெரிக்க அரசு ஜப்பானிய மரபினரை முகாம்களில் அடைத்தபோது, அவரும் மனைவியும் கைக்குழந்தையான மகள் மீராவும் ஐடகோ மாநிலத்து மினிடோக்கா முகாமில் வைக்கப்பட்டனர். அங்கே ஜப்பானிய மரபுத் தச்சர் ஒருவரிடம், கழிவு மரத்துண்டுகளைக் கொண்டு அவர் கைத்திறன் பயின்றார். பின்னர் பென்சில்வேனியாவில் பட்டறை நிறுவினார். மரத்தின் முடிச்சையும் வெடிப்பையும் அவர் மறைக்கவில்லை. வெடிப்பு விரியாதபடி ஓர் ஆப்பைப் பதித்து, அதனை அழகாகவே ஏற்றுக் கொண்டார். 1990-ல் அவர் மறைந்தபின் மகள் அப்பட்டறைப் பொறுப்பை ஏற்றார். தந்தை மகளுக்கு விட்டுச் சென்ற செல்வத்துள் மேசைகளும் நாற்காலிகளும் சிறு பகுதியே. மரத்தை வெல்ல முயலாது அதனோடு இணங்கிச் செல்லும் மனப்பாங்கே பெரும்பகுதி.

மூன்றாம் தடைக்கு, பற்று என்னும் தடைக்கு, விடை காண வேண்டியுள்ளது. மண்டகப்பட்டுக் கல்வெட்டில் மகேந்திரவர்மப் பல்லவன், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இன்றிக் கோயில் அமைத்ததைக் கூறுகிறான். அவன் வழிவந்தோர் மாமல்லபுரத்தில் அமைத்த ஐந்து இரதங்களில், மரத்தாலும் கூரையாலும் ஆன அக்காலக் கட்டடங்களின் வடிவங்கள் கல்லிலே நிற்கின்றன. அவை பார்த்துச் செதுக்கிய மர மாளிகைகள் ஒன்றேனும் இன்றில்லை. நிலைத்திருக்க விரும்பியோர் கல்லை நாடினர். மரத்தில் செய்பவரோ, அழிவை அறிந்து, அதனை ஏற்றுக் கொண்டே செய்கிறார். நிலையாமையைச் சிந்திக்க வேண்டும் என்பது பன்னிரு அனுப்பிரேக்ஷைகளுள் முதலாவது. அன்புடையார்க்கு மரத்தில் ஒரு பொருள் செய்து தருவோர், இதுவும் மாயும், தருவோரும் பெறுவோரும் மாய்வர் என்பதைக் கையாலேயே சிந்திக்கிறார்.

இக்கரையின் கட்டுமரத்தையும் இங்கு எண்ணலாம். மீன்பிடித் தொழிலை நம் நெறி ஏற்பதில்லை. ஆயினும் அம்மரத்தைக் கட்டிய அறிவு வியக்கத் தக்கது. ஆணி இன்றிக் கயிற்றால் பிணைத்த மரங்கள் அலையில் ஒன்றாய் நின்றன. கரை சேர்ந்தபின் அவற்றை அவிழ்த்து, தனித்தனியே வெயிலில் உலர்த்தினர். உலர்த்தாவிடில் நீரூறிக் கனத்துவிடும். இன்று கண்ணாடியிழைப் படகுகள் பெரும்பாலும் அவற்றின் இடத்தைக் கொண்டன. கணவன் மனைவியர், பெற்றோர் மக்கள் ஆகியோரின் பிணைப்பும் அவ்வாறே இருத்தல் கூடும். அலையில் ஒன்றாய் நிற்றல் வேண்டும். அவிழ்க்க வேண்டிய நாளில் அவிழ்வதற்கும் இடம் வேண்டும். அவிழாப் பிணைப்பு நீரூறிய மரம் போலக் கனத்து, இருவரையும் அமிழ்த்தும்.

ஆதலால், இருவரின் அன்பு அறமா பற்றா என்பதை அவ்விருவரின் மகிழ்ச்சியைக் கொண்டு அளத்தல் இயலாது. அவ்விருவரின் அருகே நிற்கும் மூன்றாம் உயிரைக் கொண்டே அளத்தல் வேண்டும். அவர்கள் நடந்து சென்ற மணலில் ஆமை அஞ்சாது முட்டையிட்டதா? அவர்கள் செய்த மணைக்காக ஒரு மரமோ ஒரு பூச்சியோ மாண்டதா? செய்து முடித்த பொருள் வீட்டுக்குள்ளேயே அடைபட்டதா, அன்றி இரண்டாவதாகச் செய்த ஒன்று ஏழைப் பிள்ளையின் படிப்பு மேசையாயிற்றா? இம்மூன்று வினாக்களுக்கும் நேர்மையான விடை கூற வல்லவர், தம் அன்பைக் குறித்து அஞ்ச வேண்டுவதில்லை. இருவர்க்குள் பிறந்த கனிவு மூன்றாம் உயிர் வரை சென்றுவிட்டால், அது மேலும் எல்லா உயிர்க்கும் பரவ வழி திறந்துவிட்டது என்றே கொள்ளலாம்.

வரும் விடுமுறையில் நம் இல்லத்துப் பிள்ளைகளோடு இதனைத் தொடங்குவோமாக. முதல் நாள் நான்கு முழம் முன்னே நோக்கி ஒரு நாழிகை நடக்கட்டும். மறுநாள், பழைய பலகை ஒன்றை எடுக்குமுன் அதன் அடியைப் புரட்டிப் பார்க்கட்டும். அங்கே ஓர் எறும்பின் குடி இருக்குமானால், பலகை வேலை பிறிதொரு நாள் வரை காத்திருக்கட்டும்.