13 வாரக் கடன்
ஹூஸ்டன் மாதிரி வீங்கிக்கொண்டே போகும் நகரத்தில் ஆஸ்பத்திரி கட்டிவிடலாம், நர்ஸ் கிடைப்பதுதான் கஷ்டம். அதனால்தான் டிராவல் நர்ஸ். ஒப்பந்தம் பெரும்பாலும் 13 வாரம். கோவிட் காலத்தில் இவர்கள் சம்பளம் பல இடங்களில் நிரந்தர நர்ஸ் வாங்குவதைப் போல இரண்டு மடங்கைத் தாண்டியது.

பேராசை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நோயாளி குறைந்தால் ரத்தாவது அவர் ஒப்பந்தம். ஆள் பத்தாத வார்டுக்கு முதலில் தள்ளப்படுவதும் அவர்தான். (நானும் கான்ட்ராக்டில் இருந்தவன், கொஞ்சம் சாய்வேன்.)

ஆனால் மருந்து அறை எங்கே, ராத்திரி எந்த டாக்டரை எழுப்பலாம் என்பதையெல்லாம் அவருக்குச் சொல்லித்தருவது யார்? குறைந்த சம்பளத்தில் அங்கேயே இருக்கிற நர்ஸ். 13 வாரம் கழித்து இன்னொருத்தர் வருவார், திரும்பவும் முதலிலிருந்து. இந்த உழைப்பை ஆஸ்பத்திரி எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை. அப்போ கடன்பட்டது யாரு, ஆஸ்பத்திரியா, கத்துக்கிட்டுக் கிளம்பினவங்களா?