எந்தக் கணக்கில் வரவு வைப்பது?

சென்னையிலிருந்து வேலூர் போகும் பைபாஸ் பஸ்ஸில் ஏறி "மேல்விஷாரம்" என்று டிக்கெட் கேட்டால் கண்டக்டர் முகம் சுளிப்பார். "அங்க நிக்காது சார், ஆற்காட்ல இறங்கி டவுன் பஸ் புடிச்சுக்குங்க." பாலாற்றைத் தாண்டி ஆற்காட்டை விட்டால் சில நிமிடத்தில் வந்துவிடும் ஊர். கண்ணாடி வழியாகப் பார்த்தால் பள்ளிவாசல் மினாராக்கள், பரோட்டாக் கடைகள், கல்லூரிப் பலகை, அவ்வளவுதான். கொஞ்சம் தள்ளி ரத்தினகிரி முருகன் கோயில் குன்று தெரியும்போது ஊர் பின்னால் போயிருக்கும். 2011 கணக்கெடுப்பிலேயே ஏறக்குறைய 45 ஆயிரம் பேர் இருந்த நகராட்சி. நெடுஞ்சாலைக்கு அது ஒரு வேகத்தடை.

எனக்கு அப்படியில்லை. 1983 முதல் 1986 வரை அந்த ஊரில்தான் பி.காம். படித்தேன். எங்கள் கிராமம் பாலாற்றின் தென்கரையில், ஆற்காட்டுக்கும் வேலூருக்கும் நடுவே. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படிப்பு முடித்து வங்கியில் சேர்ந்து, 33 வருடம் பற்று, வரவு என்றே பார்த்துவிட்டு ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்ற பிறகும் கண் அப்படியே நிற்கிறது. கல்யாண வீட்டில் பந்தியைப் பார்த்தால்கூட இது யார் கணக்கில் போகும் என்று யோசிக்கிறேன். இது ஒரு நோய். மனைவி அப்படித்தான் சொல்கிறாள்.

போன மாதம் வகுப்புத் தோழன் ஒருவன் கூப்பிட்டான். அவன் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தோல் ஷாப் வைத்திருந்தார்கள். தோல் பதனிடும் இடத்துக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். சின்ன ஷாப்பு. மூடிவிட்டார்கள். பல வருடம் சென்னை பெரியமேட்டில் தோல் மண்டியில் இருந்தவன், இப்போது ஊருக்கே திரும்பிவிட்டான். "நாங்க நாலு பேர் சேர்ந்து ஊர்ல ஒரு வேலை பண்ணிக்கினு இருக்கோம். நீ வந்து கணக்கு நோட்ட ஒரு பார்வ பாருடா" என்றான். கணக்கு நோட்டு என்றால் நான் போய்விடுவேன் என்று அவனுக்குத் தெரியும்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், அந்த ஊர் கொடுத்த விதத்தைச் சொல்ல வேண்டும். நான் படித்த கல்லூரியின் பெயர் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி. 1965-இல் தொடங்கியது. நான் படிக்கும்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது. நவாப் சி. அப்துல் ஹக்கீம் இதே ஊர்க்காரர். 1863-இல் பிறந்து 1938-இல் மறைந்தவர். தோல் வணிகத்தில் பெரும் செல்வம் சேர்த்தவர், சென்னையின் ஷெரீப்பாக இருந்தவர். சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இறங்கும் பயணிகள் தங்கிப் போவதற்காக அருகிலேயே அவர் கட்டிய சித்தீக் சராய் இன்றும் இருக்கிறது. ஊரில் 1918-இலேயே மேல்விஷாரம் முஸ்லிம் கல்விச் சங்கம் தொடங்கியாகிவிட்டது. வாணியம்பாடியில் இஸ்லாமியா கல்லூரி 1919-இல் வந்தது. முதல் உலகப்போர் முடிகிற நேரத்தில், சின்னச் சின்னச் சந்தை ஊர்களில் இருந்த தோல் வியாபாரிகள், அரசாங்கம் வரட்டும் என்று காத்திராமல் பள்ளிக்கும் கல்லூரிக்கும் பணத்தைப் போட்டிருக்கிறார்கள். பிறகு மேல்விஷாரத்தில் பொறியியல் கல்லூரி, பெண்கள் கல்லூரி, பெரிய மருத்துவமனை என்று வந்தபடியே இருக்கின்றன.

என் வகுப்பில் பாதிக்கு மேல் எங்களைப் போன்ற கிராமத்துப் பையன்கள். வன்னியர், முதலியார், ஆதிதிராவிடர் எல்லோரும் இருந்தோம். நெற்றியில் விபூதியோடு போவேன். ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ரம்ஜான் மாதத்தில் சாயங்காலம் பஸ்ஸுக்காக நின்றால் யாராவது ஒரு பாய் தூக்குச் சட்டியில் நோன்புக் கஞ்சி கொடுத்துவிட்டுப் போவார். தூக்கை மறுநாள் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த விதி மட்டும் உண்டு. அம்மா வெறும் தூக்கைத் திருப்பித் தர மாட்டாள். நாலு முருங்கைக்காயாவது போட்டு அனுப்புவாள்.

இது ஒரு பக்கம். நோட்டில் இன்னொரு பக்கம் இருக்கிறது.

எங்கள் கிணறு 40 அடி. பாலாற்றின் ஊற்று. கோடையில்கூட ஆளை மூழ்கடிக்கும். நான் கல்லூரி முடிக்கிற சமயத்தில் தண்ணீரில் ஒரு மாதிரி நுரை வர ஆரம்பித்தது. முதலில் அப்பா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் நெல் பதராகப் போனது. தென்னங்கீற்று நுனி கருகியது. மாடு தொட்டியில் வாயை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டது. அந்த மாடுதான் எங்கள் வீட்டில் முதலில் விஷயத்தைப் புரிந்துகொண்ட ஜீவன் என்று அப்பா பின்னால் சொல்வார். எந்தத் தோல் ஷாப்பின் கழிவு எங்கள் கிணற்றுக்கு வந்தது என்று எங்களுக்குத் தெரியாது. மண்ணுக்கு அடியில் வந்த தண்ணீர் யார் முகவரியைச் சொல்லும்?

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் கணக்கு தப்பாகிவிடும். இந்த வட்டாரத்தில் தோல் பதனிடுவது நேற்று வந்த தொழிலல்ல. அந்தக் காலத்தில் சுண்ணாம்புக் குழியில் முடி நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்துத்தான் பதனிட்டார்கள். சென்னைத் துறைமுகம் வழியாக லண்டன் சந்தைக்குப் போனது இந்தப் பட்டைத் தோல்தான். 1970-களில் தில்லி ஒரு முடிவெடுத்தது: பச்சைத் தோலை அப்படியே ஏற்றுமதி செய்யக்கூடாது, பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியையும் குறைக்க வேண்டும், முழுக்கப் பதனிட்டு, செருப்பாகவும் ஷூவாகவும் அனுப்பு, அந்நியச் செலாவணி கூடும். கூடியது. அதோடு குரோமியம் பெருகியது, டிரம்கள் பெருகின, தண்ணீர்த் தேவையும் பெருகியது. பச்சைத் தோல் கெடாமலிருக்கத் தடவும் உப்பு முதல் அலசலிலேயே கரைந்து வெளியே வரும். அந்த உப்புதான் எங்கள் நிலத்தைத் தின்றது. உப்பைத் தடவியவன் இந்தப் பக்கத்தவன் என்றால், ஷூவைப் போட்டுக்கொண்டு நடந்தவன் எங்கோ ஐரோப்பாவில். பத்தி பிரித்து எழுதினால் இந்த ஒரு பேரேட்டில் ரொம்பப் பேர் வருவார்கள்.

1991-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28-இல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்கச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பதும், தோல் தொழில் நடக்கும் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழானது என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கின்றன. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்திய நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அன்றுதான் உறுதியானது. சட்டக் கல்லூரி மாணவர்கள் நாடு முழுக்க மனப்பாடம் செய்கிற தீர்ப்பு. அதில் வருவது எங்கள் ஆறு.

அதைத் தொடர்ந்து அமைந்த ஆணையம் 2001 மார்ச்சில் ஈடு நிர்ணயித்தது. 29,193 பேருக்குச் சுமார் 26 கோடியே 82 லட்ச ரூபாய். வங்கிக்காரன் ஆயிற்றே, வகுத்துப் பார்த்தேன். தலைக்குச் சராசரி 9 ஆயிரத்துச் சொச்சம். அப்பா என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எத்தன போகத்துக்குன்னு கணக்குப் போட்டிருக்கான்டா?" பதில் சொல்லத் தெரியவில்லை. கொஞ்ச காலத்தில் நிலத்தை வீட்டு மனைக்கு விற்றுவிட்டோம்.

இதை எழுதும்போது எனக்குள் இருக்கிற சங்கடம் இதுதான். என் படிப்பு தோல் பணத்தில் எழுந்த கட்டடத்தில் நடந்தது. என் அப்பாவின் நிலம் தோல் கழிவில் போனது. முதலாவது இல்லாமலிருந்தால் நான் அந்தப் பாழான நிலத்தில்தான் இன்றும் மண்வெட்டியோடு நின்றிருப்பேன். கொடுத்தவரும் கெடுத்தவரும் ஒரே ஆள் இல்லை. ஹக்கீம் சாகிப் காலத்தில் பெரும்பாலும் ஆவாரம்பட்டைதான், குரோமியம் பெருகியது பிந்தி. ஆனால் தொழில் ஒன்று, ஆறு ஒன்று. ஒன்றைக் காட்டி இன்னொன்றை நேர் செய்யலாமா? 33 வருடத்தில் நான் கற்றுக்கொண்டது, அப்படிச் செய்தால் ஆடிட்டர் சிவப்பு மையால் சுழிப்பார் என்பதுதான். கொடை என்பது கொடுப்பவர் மனசு. எப்போது கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, யார் பெயரைக் கல்லில் வெட்டுவது எல்லாம் அவர் தீர்மானிப்பது. கடனைத் திருப்புவதில் அதெல்லாம் கிடையாது. எவ்வளவு என்பதை எதிரில் நிற்பவன் சொல்வான். நம் ஊர்களுக்கு முதலாவது நன்றாக வரும். கோயிலுக்கு மண்டபம் கட்டுவோம், பள்ளிக்கு வகுப்பறை கட்டுவோம், பலகை வைப்போம். இரண்டாவதற்கு நீதிமன்றம் வர வேண்டியிருக்கிறது. இதை இந்த ஊரை மட்டும் பார்த்துச் சொல்லவில்லை. நானே பழைய மாணவர் சங்கத்துக்கு நன்கொடை கொடுத்துவிட்டு, கூட இருந்தவர்கள் கைதட்டியதைக் கேட்டு மகிழ்ந்தவன்தான்.

கணக்கையே மூடிவிட்ட ஊர்களும் உண்டு. ஒரு காலத்தில் தோல் பதனிட்டே வாழ்ந்த லண்டனின் பெர்மாண்ட்சி பகுதியில் இன்று 'டேனர் ஸ்ட்ரீட்' என்று தெருப்பெயர் இருக்கிறது, தோல் ஷாப் இல்லை. பழைய தோல் சந்தைக் கட்டடம் அலுவலகங்களாகிவிட்டது. தொழில் கடல் தாண்டி எங்கள் பக்கம் வந்துவிட்டதால் அவர்கள் கழுவிவிட்டு உட்கார்ந்துகொண்டார்கள். எங்களுக்கு அப்படி அனுப்பிவைக்க இடமில்லை. அனுப்பவும் கூடாது. காலையில் ஆறரை மணிக்கு ஷூ கம்பெனி பஸ்ஸுக்காகச் சாப்பாட்டுப் பையோடு நிற்கும் பெண்களைப் பார்த்தவர்கள் "மூடிவிடு" என்று சுலபத்தில் சொல்ல மாட்டார்கள். மேல்விஷாரத்துத் தோல் ஷாப்காரர்கள் சேர்ந்து விஷ்டெக் என்ற பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தை வைத்திருக்கிறார்கள். இந்த வட்டாரத்தில் கழிவுநீரை வெளியே விடாமல் சுத்தம் செய்து திரும்பவும் பயன்படுத்தும் முறை வந்தது. ஆனால் தண்ணீரைப் பிரித்தெடுத்தபின் உப்பு மிஞ்சுகிறது. குவிந்து கிடக்கும் அந்தக் கலப்பு உப்பை என்ன செய்வது என்பதற்கு இன்னும் ஒழுங்கான பதில் இல்லை. 2025 ஜனவரி 30-இல் உச்ச நீதிமன்றம் இதே பாலாற்றுக்காக மறுபடி ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது: பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு முதலில் ஈட்டைக் கொடுக்க வேண்டும், பிறகு கெடுத்தவரிடம் வசூலிக்க வேண்டும். முதல் தீர்ப்புக்கும் இதற்கும் நடுவில் 28 வருடத்துக்கு மேல். அப்பா இல்லை.

சரி, நோட்டுக்கு வருகிறேன்.

தோழன் வீட்டு மாடியில் உட்கார்ந்தோம். 200 பக்க நோட்டு, பச்சை அட்டை. படிப்பை நிறுத்தப் போகிற பெண் பிள்ளைகளுக்குக் கட்டணத்துக்குப் பணம். பெரும்பாலும் பீடி சுற்றுகிற தாய்மார்களின் மகள்கள். முறத்தை மடியில் வைத்து நாள் முழுக்கச் சுற்றினாலும் செமஸ்டர் கட்டணம் சேராது. விசேஷம் என்னவென்றால் இது தானம் இல்லை. கடன். வட்டி கிடையாது. இஸ்லாம் மார்க்கத்தில் 'அழகிய கடன்' என்று ஒரு வார்த்தை உண்டு. வேலை கிடைத்தபின் முடிந்தபோது முடிந்ததைத் திருப்ப வேண்டும். அது அடுத்த பிள்ளைக்குப் போகும்.

"ஜகாத் பணமே நிறைய வருமே. சும்மாவே குடுத்துடலாமேடா" என்றேன்.

"குடுக்கலாம். ரொம்ப முடியாதவங்களுக்கு அதான் குடுக்கறோம். ஆனா சும்மா குடுத்தா அந்தப் பொண்ணு நம்மளப் பாத்தா தல குனிஞ்சிக்கினு போவுது. கடன்னா அப்படி இல்ல. ஐந்நூறு ரூபா குடுக்க வரும், டீ குடிச்சிட்டு, இன்னார் வீட்டுப் புள்ள படிப்ப நிறுத்திடுச்சி, போய்ப் பாருங்கன்னு சொல்லிட்டுப் போவும். எனக்குப் பணத்தவிட அந்தச் சேதிதான் வேணும்."

நான் அந்தப் பதிலை அந்த இடத்தில் சரியாகக் கவனிக்கவில்லை. வாராக்கடன் எவ்வளவு என்று தேடிக்கொண்டிருந்தேன். பழக்கம். வராத பெயர்களும் இருந்தன. ஒன்றுக்கு எதிரில் 'கல்யாணமாகி ஓசூர்' என்றும், இன்னொன்றில் 'தாயார் மௌத்து, கேட்க வேண்டாம்' என்றும் அவன் கையெழுத்தில் இருந்தது. எந்த வங்கியிலும் அப்படி ஒரு குறிப்பு எழுத இடமில்லை. ஊரின் பெயரைக் காதால் கேட்டால் 'விசாரம்' என்றுதான் விழுகிறது. பெயர்க்காரணம் வேறாக இருக்கட்டும், அந்த நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் விசாரிப்புதான் இருந்தது. ஊர் மீள்கிறது, வளர்கிறது என்றெல்லாம் பேசும்போது நாம் கட்டடத்தை எண்ணுகிறோம். படித்தவர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் துபாய்க்கும் போய்விட்ட ஒரு ஊரில், இன்னார் வீட்டுப் பிள்ளை படிப்பை நிறுத்திவிட்டது என்று சொல்ல ஒருவர் மாடி ஏறி வருகிறாரா என்பதை யாரும் எண்ணுவதில்லை.

கிளம்பும் முன் ஆற்றுப் பக்கம் போனோம். 2021 நவம்பரில் இரண்டு கரையும் தொட்டு ஓடியபோது ஊரே வேடிக்கை பார்க்கப் பாலத்தில் நின்றதாம். நாங்கள் போனபோது மணலும் சீமைக்கருவேலமும்தான். "எங்க அத்தா இங்கதான் நீச்சல் கத்துக் குடுத்தாரு" என்றான். எங்கள் அப்பாவும்தான், கொஞ்சம் மேலே. இரண்டு பேரும் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. அவன் வீட்டு ஷாப்பும் எங்கள் வீட்டுக் கிணறும் நாற்பது வருட நட்பில் நாங்கள் தொடாத பேச்சு. அன்றும் தொடவில்லை.

திரும்பி வந்து பையிலிருந்து உறையை எடுத்தேன். நோட்டைத் திறந்து பேனாவைப் பிடித்தவன், "நன்கொடைன்னு எழுதவா, கடன்னு எழுதவா? கடன்னா எப்ப வேணும்னு சொல்லு" என்றான்.

"ரெண்டும் வேணாம். திரும்பி வந்த பணம்னு எழுது."

"அந்தப் பத்தில பழைய கடன் நம்பர் போடணும்டா. எந்த நம்பருக்கு வரவு வெக்கிறது? நீ எப்ப வாங்கின?"

"எண்பத்து மூணுல."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். தொகையை எழுதி, நம்பர் கட்டத்தில் ஒன்றும் போடாமல் மூடினான். பிறகு மறுபடி திறந்து, உறையிலிருந்ததை இரண்டாவது தடவை எண்ணினான்.