பயப்படாமல் கொழுவு!

திருகோணமலையின் கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் கட்டி நிற்கும் வள்ளங்களில் ஏறிப் பார். கையடக்க ஜிபிஎஸ் கருவி ஒன்று பொலித்தீன் பைக்குள் சுற்றி வைக்கப்பட்டிருக்கும். பொத்தான்களில் எழுத்து அழிந்திருக்கும், திரை மங்கியிருக்கும். ஆனால் அதற்குள் ஒரு மனிதனின் அரைவாசி ஆயுள் இருக்கிறது. எந்தக் கடலடிப் பாரில் எந்தக் காலத்தில் மீன் நிற்கும், எங்கே வலை விட்டால் கல்லில் சிக்கிக் கிழியும், திரும்பி வரும்போது எந்த வழி பிடிக்க வேண்டும் என்று வருடக்கணக்காகக் கடலில் கண்டதையெல்லாம் உன் அப்பா ஒவ்வொரு புள்ளியாக அதில் பதிந்து வைத்திருக்கிறார். அந்தக் கருவி கை தவறிக் கடலில் விழுந்தால்? உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கினால்? அத்தனையும் போய்விடும். அதே வீட்டில், உயர்தரப் படிப்புக்கென்று கடன்பட்டு வாங்கிய லப்டொப் மேசையில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் வேண்டியது ஒரேயொரு வயர். அதைக் கொழுவ உனக்கு இன்னும் துணிவு வரவில்லை.

அந்தத் துணிவைப் பற்றித்தான் பேச வந்தேன்.

மூதூரிலும் கிண்ணியாவிலும் குச்சவெளியிலும் சீனக்குடாவிலும் பிள்ளைகள் தவழும் வயதிலேயே கேட்டு வளரும் சில வார்த்தைகள் உண்டு. "தொடாதே, பழுதாப் போயிடும்." "அதெல்லாம் தெரிஞ்ச ஆக்கள் செய்யிற வேலை." "கொழும்புக்குக் கொண்டுபோய்த்தான் காட்ட வேணும்." சொன்னவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. போர்க்காலத்தில் வடக்கு கிழக்கின் பல ஊர்களுக்குப் பற்றரி போவதற்கே தடை இருந்தது. உடைந்தால் திருத்த ஆளில்லை, புதிதாக வாங்கக் காசில்லை. இருப்பதைப் பொத்திப் பொத்திப் பாதுகாத்தார்கள். ஆனால் தடை போய்ப் பல வருடமாகியும் பயம் மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை. லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் மாமாமார் கொண்டுவந்த கஸியோ டிஜிட்டல் டயறிகளும் பாம் பைலட்டுகளும் எத்தனை அலுமாரிகளில் துணிக்கடியில் கிடந்தே செத்துப் போயின! கணினியோடு பூட்டும் வயர் பெட்டிக்குள்ளேயே இருந்தது. எடுத்துப் பூட்டத்தான் கை வரவில்லை.

இன்னொன்றையும் நீ மறந்துவிடக் கூடாது. பற்றரி கிடைக்காத அதே காலத்தில்தான் சனம் சைக்கிள் டைனமோவைச் சுற்றி அதன் மின்சாரத்தை ரேடியோவுக்குக் கொடுத்துச் செய்தி கேட்டது. கையேடு இல்லை, வகுப்பு இல்லை, சான்றிதழ் இல்லை. இரண்டு வயரை இழுத்துக் கொழுவினார்கள், ரேடியோ பேசியது. அவர்களின் பேரப்பிள்ளை நீ. ஒரு கருவியை இன்னொரு கருவியோடு கொழுவும் வித்தை உனக்கு வெளியூரிலிருந்து வரவேண்டியதில்லை.

கையில் அடங்கும் கணினி என்ற எண்ணமே நமக்கு அந்நியம் என்று நினைக்கிறாயா? விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956இல் தன் நண்பர் மைக் வில்சனோடு நம் சுவாமி மலையடியில் கடலுக்குள் இறங்கியவர். போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களையும் கற்களையும் அந்த நீருக்கடியில் கண்டவர். இலங்கையையே வீடாக்கிக்கொண்ட அவர் 1975இல் 'இம்பீரியல் ஏர்த்' என்ற நாவலை வெளியிட்டார். அதில் வரும் மனிதர்கள் மினிசெக் என்ற ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறார்கள். உள்ளங்கையளவு, சின்னச் சின்னப் பொத்தான்கள், நினைவுக்குறிப்பு, நாட்குறிப்பு எல்லாம் அதற்குள். வீட்டில் அதற்குத் துணையாக கொம்சோல் என்ற பெரிய கணினி. உலகம் அதைச் செய்து முடிக்க இன்னும் இருபது வருடம் போனது. நம் கடலில் மூழ்கி எழுந்தவர் எழுதிவைத்ததைப் பார்த்து நாமே மிரண்டு நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை.

செய்து முடித்தவர்களின் கதையையும் கேள். அமெரிக்காவில் ஜெஃப் ஹோக்கின்ஸ் என்ற பொறியியலாளர் தன் சட்டைப் பைக்கு அளவான ஒரு மரக்கட்டையை வெட்டி எடுத்துக்கொண்டு அலைந்தார். யாராவது சந்திப்புக்கு நாள் கேட்டால் கட்டையை வெளியே எடுத்து அதில் எழுதுவதுபோல் பாவனை செய்வார். உள்ளே மின்சாரமும் இல்லை, திரையும் இல்லை. எந்தப் பொத்தான் உண்மையில் தேவை, எது வீண் என்று அந்தக் கட்டையை வைத்தே கண்டுபிடித்தார். 1996இல் அவருடைய கருவி பைலட் என்ற பெயரில் வெளிவந்தது. அதற்கு மூன்று வருடம் முன்பே அப்பிள் கொம்பனி நியூட்டன் என்ற கையடக்கக் கருவியை ஆரவாரத்தோடு இறக்கித் தடுமாறியிருந்தது. ஹோக்கின்ஸின் கருவியில் 128 கிலோபைற்று நினைவகம்தான். இன்று நீ அனுப்பும் ஒரு படம்கூட அதற்குள் அடங்காது. ஆனாலும் அது வென்றது. ஏன் என்று கேள். தனியே நின்று எல்லாவற்றையும் செய்ய அது ஆசைப்படவில்லை, கணினியின் துணையாக இருப்பதே போதும் என்று முடிவெடுத்தது. பெட்டிக்குள்ளேயே ஒரு தாங்கி வைத்துக் கொடுத்தார்கள். கருவியைத் தாங்கியில் நிறுத்தி ஒரு பொத்தானை அழுத்தினால் கையில் எழுதியது கணினிக்கும், கணினியில் எழுதியது கைக்கும் போய்ச் சேரும். அந்தத் தாங்கிதான் வெற்றி என்பது என் தீர்க்கமான எண்ணம். மரக்கட்டையோடு தொடங்கியவர் அதைச் செய்தார் என்றால், உண்மையான கருவியைக் கையில் வைத்துக்கொண்டு நீ எதற்குத் தயங்குகிறாய்?

அதே 1996 ஜனவரியில் எல்லாக் கருவிக்கும் ஒரே துளை என்ற யூஎஸ்பியின் முதல் விதிமுறை வெளிவந்தது. அதற்கு முன்னால் பிரின்டருக்கு ஒரு துளை, மௌஸுக்கு ஒரு துளை, மொடத்துக்கு ஒரு துளை. சிலவற்றைக் கொழுவ முன் கணினியை நிறுத்தவும் வேண்டும். இந்தத் தலையிடி ஏன் என்று கேட்டவர்களில் முன்னால் நின்றவர் குஜராத்தின் பரோடாவில் படித்து இன்டெல்லுக்குப் போன அஜய் பட். முதலில் அவருடைய யோசனை எடுபடவில்லை. அவர் விடவில்லை. ஏழு கொம்பனிகள் சேர்ந்து அந்த விதிமுறையை எழுதின, யாரும் உரிமைக்காசு கட்டாமல் பாவிக்கலாம் என்று இன்டெல் திறந்துவிட்டது.

அந்த வயருக்குள் நடப்பது என்ன என்று தெரிந்தால் உன் பயம் பாதி போய்விடும். பழைய யூஎஸ்பி வயரில் நான்கே நான்கு கம்பிகள். சிவப்பில் 5 வோல்ற் வருகிறது, கறுப்பு அதன் திரும்பும் வழி, வெள்ளையும் பச்சையும் தகவலுக்கு. நீ கொழுவியதும் கருவி அந்த இரண்டு தகவல் கம்பிகளில் ஒன்றை மேலே இழுக்கிறது. "வந்துவிட்டேன்" என்ற அறிவிப்பு அதுதான். கலியாணம் கட்டிப் புது ஊருக்கு வந்த மாப்பிள்ளையை அயலவர்கள் விசாரிப்பதுபோல் கணினி விசாரிக்கத் தொடங்கும். நீ யார், எந்தக் கொம்பனி செய்தது, எந்த வகை, எவ்வளவு மின்சாரம் வேண்டும்? ஒவ்வொன்றுக்கும் கருவி இலக்கத்தில் பதில் சொல்லும். இடையில் கணினி அதற்கு ஒரு முகவரியும் கொடுக்கும். இப்படி 127 கருவிகளுக்கு இடமுண்டு. எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். "அறியப்படாத கருவி" என்று திரையில் வந்தால் கணினி உடைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. விசாரணையில் ஒரு பதில் சரியாகக் கிடைக்கவில்லை, அல்லது பதிலைப் புரிந்துகொள்ளும் டிரைவர் என்ற மென்பொருள் கணினியில் இல்லை. அவ்வளவுதான். வயரை மாற்று. துளையை மாற்று. டிரைவரைத் தேடிப் போடு. பயந்து மூடி வைக்காதே.

இப்போது அப்பாவின் கருவிக்கு வருவோம். பழைய கையடக்க ஜிபிஎஸ் யூஎஸ்பிக்கு முந்திய தொடர்முறைப் (சீரியல்) பேச்சைத்தான் பேசும். உன் லப்டொப்பில் அதற்கான ஒன்பது ஊசித் துளை இருக்காது. அதற்கு யூஎஸ்பியிலிருந்து தொடர்முறைக்கு மாற்றும் வயர் கடையில் கிடைக்கும். ஒரு பக்கம் அனுப்பும் கம்பி மறுபக்கம் வாங்கும் கம்பிக்குப் போக வேண்டும். கணினிப் பக்கத்தில் 2ஆம் ஊசி வாங்குவது, 3ஆம் ஊசி அனுப்புவது, 5ஆம் ஊசி நிலத்தொடுப்பு. வேகமும் ஒத்துப்போக வேண்டும். கடல் கருவிகளின் என்எம்இஏ 0183 முறையில் அது விநாடிக்கு 4800 பிற்று. வேகம் பிழைத்தால் திரையில் பேய் எழுத்துகள் ஓடும். அதைக் கண்டு சந்தோஷப்படு! கருவி உன்னோடு பேசத் தொடங்கிவிட்டது, நீ வேகத்தைத் திருத்தினால் போதும். சரியாக அமைந்த கணத்தில் ஒவ்வொரு விநாடியும் டொலர் குறியோடு ஒரு வரி வந்து விழும். அகலாங்கு, நெட்டாங்கு, நேரம், வேகம் எல்லாம் காற்புள்ளியால் பிரித்து, உன் கண்ணாலேயே வாசிக்கக்கூடிய எழுத்தில். சேமித்த புள்ளிகளை இறக்க கருவியைத் தயாரித்த கொம்பனியின் சொந்த முறைக்கு மாற்ற வேண்டியிருக்கும். அதைப் பேசத் தெரிந்த ஜிபிஎஸ்பேபல் என்ற மென்பொருள் இலவசம், தன்னார்வலர்கள் எழுதியது.

கொழுவ முன் முனைகளைப் பார். நம் கடற்காற்று செம்பை விடாது. பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் பழைய பல் துலக்கும் தூரிகையில் ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்டுத் தேய்த்து நன்றாகக் காயவிடு. கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லப்பட்ட "பழுதுகளில்" இப்படிச் சுகமானவை நிறைய.

ஒரு வயர் என்ன பெரிதாகச் செய்துவிடும் என்று இன்னும் நினைக்கிறாயா? புதுச்சேரிக் கடற்கரைக்கு வா. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் அங்கே கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினம் மீனவக் கிராமத்தில் ஊர்த் தன்னார்வலர்கள் அமெரிக்கக் கடற்படை வெளியிட்ட அலை உயர முன்னறிவிப்பைக் கணினியில் இறக்கி எடுத்தார்கள். அதைத் தாளில் ஒட்டிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. கடலைப் பார்த்து ஒலிபெருக்கி கட்டி, வள்ளம் தள்ளுகிறவர்கள் காதில் விழும்படி தமிழில் சொன்னார்கள். கணினிக்குப் பக்கத்தில் ஒரு ஒலிபெருக்கி. உலகின் மிகப் பெரிய கடற்படை ஒன்றின் தகவல் ஒரு கரைவலைக்காரனின் உடைமையானது.

அதே ஒலிபெருக்கி ஏற்பாடு நல்லவாடு கிராமத்திலும் இருந்தது. 2004 டிசம்பர் 26 காலையில், சிங்கப்பூரில் வேலை செய்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் சுனாமிச் செய்தி அறிந்து வீட்டுக்குத் தொலைபேசினார். ஊரவர்கள் அறிவு மையத்து ஒலிபெருக்கியில் கத்தினார்கள். 3,000க்கும் மேற்பட்ட சனம் எழுந்து ஓடித் தப்பியது. அதே காலையில் நம் கிண்ணியாவின் ஆஸ்பத்திரியைக் கடல் அடித்துப் போனது. நிலாவெளியில், மூதூரில், வெருகலில் நாம் இழந்தவர்களை எண்ணிக்கொண்டு இதை எழுதுகிறேன். அழுவதோடு நிற்காத இளைஞர்களும் இந்த நாட்டில் இருந்தார்கள். கொழும்பில் கணினி படித்தவர்கள் சில நாட்களில் ஒன்றுகூடி, காணாமற்போனவர்களையும் முகாம்களையும் பதிந்து வைக்க சஹானா என்ற திறந்த மென்பொருளை எழுதினார்கள். பிறகு அது 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் கைகொடுத்தது. இந்தத் தீவில் எழுதியதை வெளிநாடு எடுத்துப் பாவித்தது. அந்த வரிசையில் திருகோணமலைப் பிள்ளைகளின் பெயர் வரவேண்டும் என்று நெஞ்சுருகக் கேட்கிறேன்.

தங்கச்சி, இதெல்லாம் தம்பிமாருக்கு என்று நினைத்துவிடாதே. வீட்டில் ரீவி வயரை மாற்ற அண்ணனைக் கூப்பிடுகிறார்கள், பரீட்சையில் கணினிப் பாடத்துக்குக் கூடுதல் புள்ளி எடுப்பது நீ. கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது, கணினி விஞ்ஞானம் அங்கே படிப்பிக்கிறார்கள். அங்கே போகும் வரை காத்திராதே. இன்றைக்கே உன் வீட்டில் எந்தக் கருவி எந்த வயரில் போகிறது என்று ஒரு கொப்பியில் எழுது. அடுத்த வீட்டு அக்காவின் தையல் கடைக்கு பிரின்டர் பூட்டிக் கொடு. ஊர்க் கடன் சங்கத்தின் கணக்கைத் தாளிலிருந்து கணினிக்கு ஏற்று. யாரும் அனுமதி தரவேண்டியதில்லை.

தம்பி, தங்கச்சி, இருவரும் அப்பாவிடம் போங்கள். முதலில் அவரிடம் கேளுங்கள். பாரின் புள்ளிகள் குடும்பத்துச் சொத்து, ஊரெல்லாம் தெரிந்தால் மீன் மிஞ்சாது. ஆகவே அவற்றை இணையத்தில் ஏற்றாதீர்கள், நண்பருக்கும் அனுப்பாதீர்கள். 2000 மே 2க்கு முன் பதிந்தவை என்றால் அவரிடம் சொல்லுங்கள்: அன்று வரை அமெரிக்கா வேண்டுமென்றே ஜிபிஎஸ்ஸில் பிழை கலந்து வைத்திருந்தது, அந்தப் புள்ளிகள் 100 மீற்றர் வரை விலகியிருக்கலாம். எது சரி, எது விலகியது என்று அவருக்குத்தான் தெரியும். பழைய கருவி ஒரு புள்ளிக்கு ஆறு ஆங்கில எழுத்துக்கு மேல் பெயர் வைக்க விடாது. கணினியில் அந்தத் தட்டுப்பாடு இல்லை. அவரைப் பக்கத்தில் இருத்தி ஒவ்வொரு புள்ளியாகக் காட்டி, அந்தப் பாருக்கு ஊரில் என்ன பெயர், எந்த மாதம் போகலாம், எந்தக் காற்றில் போகவே கூடாது என்று கேட்டுத் தமிழிலேயே தட்டுங்கள். அவர் சொல்லச் சொல்லப் பட்டியல் நீளும், கருவியில் இல்லாத இடங்களும் வரும். அவற்றையும் சேருங்கள். முடிந்ததும் கோப்பை ஜிபிஎஸ் புள்ளிகளுக்கான ஜிபிஎக்ஸ் வடிவில் சேமித்து, இரண்டு பென் டிரைவில் பிரதி எடுத்து, ஒன்றைக் கரையிலிருந்து தள்ளியிருக்கும் சித்தியின் வீட்டில் வையுங்கள்.